பந்தல் போடும் கைகளுக்குக் கையொப்பமிடும் உரிமையும் வேண்டும்!

(முருங்கனில் கமக்காரரும் அலுவலரும் ஒருங்கு கூடிய கூட்டமொன்றில், பெண்களே உரிமையாளராக நின்று நடத்தும் விழா ஏற்பாட்டு, விளம்பர நிறுவனமொன்றின் சார்பில் ஆற்றப்பெற்ற உரை.)



இந்த மண்டபத்துக்கு நான் வருவது இது முதற் தடவையன்று. பலமுறை வந்திருக்கின்றேன். ஆனால் எப்பொழுதும் பின்வாசலால் வந்தவள்; கதிரைகளை எண்ணி அடுக்கியவள்; ஒலிபெருக்கி ஒழுங்காக ஒலிக்கின்றதா என்று "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்லிப் பார்த்துவிட்டு ஒதுங்கியவள். அந்த மூன்று சொற்களுக்கு மேல் ஒரு சொல்லும் இவ்வொலிபெருக்கியிலே நான் பேசியதில்லை. இன்று பேசும்படி பணித்திருக்கின்றீர்கள். பேசத் தெரிந்தவள் என்பதற்காகவன்று, சொல்ல வேண்டியது இருக்கின்றது என்பதற்காகவே ஒப்புக்கொண்டேன்.

எங்கள் தொழில் யாது?

நாங்கள் ஐந்து பெண்கள். கத்தோலிக்கர் மூவர், சைவர் ஒருவர், இஸ்லாமியர் ஒருவர். இவருள் கடைசியாகச் சொன்ன சகோதரியின் குடும்பம், 1990ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்ட கொடிய நாட்களிலே புத்தளம் சென்று, நெடுங்காலம் கழித்துத் திரும்பிய குடும்பம். திருமணப் பந்தல், மணவறைச் சோடனை, கோயில் திருவிழா, பாடசாலைப் பரிசளிப்பு, அலுவலகக் கருத்தரங்கு, கூத்து மேடை ஆகியவற்றுக்கு வேண்டிய ஏற்பாடெல்லாம் செய்கின்றோம். மற்றொரு புறம், சிறு கடைகளுக்கும் உற்பத்தியாளர்களுக்கும் பெயர்ப்பலகை, துண்டுப் பிரசுரம், கைப்பேசியிலும் முகநூலிலும் வரும் விளம்பரம் ஆகியவற்றையும் ஆக்கிக் கொடுக்கின்றோம்.

"இதுவும் ஒரு தொழிலா? உறவினர் கூடிச் செய்ய வேண்டியதைக் காசுக்குச் செய்வதா?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கின்றார்கள். அவர்களைக் கோபிக்கமாட்டேன். ஊர் கூடித் தேர் இழுத்த காலம் உண்மையிலேயே இருந்தது. ஆனால் போர் ஊரைக் கலைத்தது. பந்தற்கால் நாட்டிய இளைஞர்களிற் பலர் மண்ணுக்குள்ளே போனார்கள். பலர் கடல் கடந்தார்கள். எஞ்சியிருப்பவை பெண்களின் கைகளே. அந்தக் கைகள் இன்று பந்தற்கால் நாட்டுகின்றன. நாட்டிய காலுக்குக் கூலி கேட்பதிலே குற்றம் என்ன?

மேலும், ஆயிரமாயிரம் மக்கள் கூடுவதற்கு ஏற்பாடு செய்வது இந்தக் கரைக்குப் புதிதுமன்று. முத்துக் குளிப்புக் காலத்திலே மரிச்சுக்கட்டி மணலில், ஓலையாலும் கம்பாலும் ஒரு நகரமே எழும்பும். நீதிமன்றம், மருத்துவமனை, காவல் நிலையம், கடைத்தெரு யாவும் சில வாரங்களுக்கென்று தோன்றி, பருவம் முடிந்ததும் மறையும். சுழியோடிகள் அள்ளிய சிப்பியில் மூன்றிலொரு பங்கு அவர்களுக்கு, மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு என்பது விதி. 1905ஆம் ஆண்டிலே எட்டுக் கோடியளவு சிப்பிகள் அள்ளப்பட்டன. அதைக் கண்டு ஆசை கொண்ட கம்பெனி ஒன்று மறு ஆண்டு, வருடத்துக்கு 3,10,000 ரூபாய் வீதம் இருபது ஆண்டுக் குத்தகைக்குப் பாரை முழுவதையும் எடுத்தது. நடந்தது என்ன? சில ஆண்டுகளுக்குள் சிப்பி அற்றது, கம்பெனியும் கலைந்தது. முதல் மிகுதியாக இருந்தது. கடலின் பருவத்தை அறியும் பொறுமை இருக்கவில்லை. தொழில் செய்வோர் அனைவரும், சிறியோராயினும் பெரியோராயினும், மனத்தில் வைக்கவேண்டிய பாடம் இது.

அறுவடையும் தவக்காலமும்

எங்கள் தொழிலுக்கும் பருவம் உண்டு. அதை எந்தக் கல்லூரியிலும் நாங்கள் கற்கவில்லை. உங்கள் வயல்களைப் பார்த்துக் கற்றோம். காலபோக அறுவடை மாசி, பங்குனியிலே முடிகின்றது. அப்பொழுதுதான் கமக்காரன் கையிலே காசு புழங்குகின்றது. ஆனால் இம்மாவட்டத்திலே பெருந்தொகையினர் கத்தோலிக்கர். அதே நாட்களிலே அவர்களுக்குத் தவக்காலம். தவக்காலத்திலே மணவிழா இல்லை. சைவருக்கு ஆடியும் மார்கழியும் ஆகாத மாதங்கள். முஸ்லிம்களுக்கு நோன்பு மாதம் ஒன்று இருக்கின்றது. அதுவும் ஆண்டுக்கு ஆண்டு முன்னே நகர்கின்றது. ஆகவே காசு இருக்கும் மாதத்திலே விழா இல்லை. விழா வரும் மாதத்திலே காசு கரைந்து போயிருக்கின்றது!

இந்தச் சிக்கலை விளங்கிக்கொள்ளாமல் முதலாண்டிலே நாங்கள் பெரிதும் இடர்ப்பட்டோம். பின்னர் ஒரு வழி கண்டோம். உயிர்த்த ஞாயிறு கழிந்து வரும் திருமணங்களுக்கு, அறுவடைக் காலத்திலேயே முற்பணம் பெற்றுக்கொள்வது; அந்தப் பணத்தைத் தனிக் கணக்கிலே இடுவது; விழா முடியும்வரை அதிலே கைவையாதிருப்பது. கட்டுக்கரைக் குளத்தைப் பாருங்கள். மழை பெய்யும் அன்றே நீர் முழுவதையும் திறந்துவிடுவதற்கா முன்னோர் அதைக் கட்டினார்கள்? அருவியாற்று நீரைத் தேக்கத்திலே மறித்து, வாய்க்காலாற் கொணர்ந்து, பெருங்குளத்திலே சேர்த்து, அங்கிருந்து நூற்றுக்கு மேற்பட்ட சிறு குளங்களுக்குப் பகிர்ந்து, வேண்டிய நாளிலே வேண்டிய அளவு மடை திறக்கும் முறை நம் கண்முன்னே இருக்கின்றது. சிறு தொழிலின் கணக்குப் புத்தகமும் அவ்வாறே அமைதல் வேண்டும். வரவு வந்த அன்றே செலவிடுகின்றவன் குளமில்லாத ஊரிலே வயல் செய்கின்றவன்.

உங்கள் கேடு எங்கள் கேடு

கமத்துக்கும் எங்களுக்கும் உள்ள தொடர்பை இன்னொரு வகையாலும் சொல்லலாம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே நோய்த் தொற்றினால் ஊரடங்கு வந்தது. கூட்டம் கூடலாகாது என்றார்கள். கூட்டமே எங்கள் பிழைப்பு. கதிரைகள் அடுக்கியபடியே கிடந்தன. அந்த நோய் தணியுமுன்னே, 2021ஆம் ஆண்டிலே இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரிலே அத்தடை தளர்த்தப்பட்டபோது விதைப்புக் காலம் கடந்துகொண்டிருந்தது. அந்தப் போகத்திலே விளைச்சல் வீழ்ந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டிலே டீசலுக்கு வரிசை; அரிசிக்கு விலையேற்றம்; மின்வெட்டு. நெல் வீட்டுக்கு வராத ஆண்டிலே மணமகள் வீட்டுக்கு மணவறை எப்படி வரும்? நூறு கதிரை கேட்டவர்கள் இருபது கேட்டார்கள். இருபது கேட்டவர்கள் கோயிலிலே தாலி கட்டிக்கொண்டு வீடு சென்றார்கள்.

ஆகவேதான் சொல்கின்றேன்: விழா நடத்தும் பெண்ணும் வயல் உழும் ஆணும் வேறு வேறு உலகத்தவர் அல்லர். ஒரே வாய்க்காலின் இரு மடைகள் நாங்கள்.

கடன் என்னும் பொறி

அந்நாட்களிலே எங்கள் வாசலுக்குக் கடன்காரர் வந்தார்கள். நாங்கள் அவர்களைத் தேடிப் போகவில்லை. அவர்களே மோட்டார்ச் சைக்கிளிலே வந்தார்கள். பிணை வேண்டாம், ஈடு வேண்டாம், ஐந்து பெண்கள் சேர்ந்து கையொப்பமிட்டாற் போதும் என்றார்கள். வாரந்தோறும் தவணை. வட்டி எவ்வளவு என்று கேட்டால், நேரான விடை இல்லை.

நான் மிகைப்படுத்துவதாக எண்ணவேண்டாம். ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொகோஸ்லாவ்ஸ்கி 2018ஆம் ஆண்டு செப்ரெம்பரில் இந்நாட்டுக்கு வந்து ஆராய்ந்தார். நுண்கடன் வட்டி ஆண்டுக்கு 40 சதவீதம் முதல் 220 சதவீதம்வரை செல்வதை அவர் எடுத்துக் காட்டினார். அதே ஆண்டிலே, வறட்சியால் வாடிய 12 மாவட்டங்களிலே பெண்கள் பெற்று அடைக்க முடியாது தவித்த ஓர் இலட்சம் ரூபாய் வரையிலான நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. வடமாகாணமும் அதிலே அடங்கியது. நல்லது. ஆனால், நூறு ரூபாய்க்கு இருநூறு ரூபாய் வட்டி கேட்கும் இடத்துக்கு ஒரு பெண் ஏன் போனாள் என்ற கேள்வியை எவரும் கேட்கவில்லையே! நியாயமான வட்டிக்குக் கொடுக்கும் வங்கியின் கதவு அவளுக்குத் திறக்கவில்லை. ஆகையால் அவள் போனாள். அந்தக் கதவு ஏன் திறக்கவில்லை என்பதைத்தான் இனிச் சொல்லப் போகின்றேன். சட்டம் கற்ற பெரியோர்கள் சற்றுச் செவிசாய்க்க வேண்டுகின்றேன்.

கையொப்பம் யாருடையது?

எங்களுக்கு ஒரு சிறிய லொறியும், பொருட்களை நனையாமல் வைப்பதற்கு ஒரு களஞ்சியமும் தேவைப்பட்டன. எங்களுள் ஒருவருக்குச் சீதனமாக வந்த காணி உண்டு. உறுதி அவர் பெயரிலே. வரி கட்டுகின்றவர் அவர். வேலி அடைக்கின்றவர் அவர். அதை ஈடு வைத்துக் கடன் பெறலாம் என்று எண்ணி ஒரு வங்கிக்குச் சென்றோம். அங்கிருந்த அலுவலர் பண்பாகவே கேட்டார்: "கணவரின் கையொப்பம் எங்கே, அம்மா?"

கணவர் எங்கே என்பதுதானே அந்தச் சகோதரி 2009ஆம் ஆண்டு முதல் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி! அவர் முகாம்தோறும் கேட்டார்; ஆணைக்குழுதோறும் கேட்டார். விடை கிடைக்கவில்லை. இன்று வங்கி அவரிடமே அதே கேள்வியைத் திருப்பிக் கேட்கின்றது.

அந்த அலுவலரிலே பிழையில்லை. பிழை சட்டத்திலே இருக்கின்றது. தேசவழமையை ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டளவிலே தொகுத்தார்கள். 1806ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலு அளித்தார்கள். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை வகுத்து, பெண்ணுக்கென்று தனியாக ஒரு சொத்தை ஒப்புக்கொண்ட வழமை அது. நம் முன்னோர்கள் பெண்ணை வெறுங்கையுடன் வீட்டை விட்டு அனுப்பவில்லை என்பதிலே நமக்குப் பெருமை உண்டு. ஆனால் 1911ஆம் ஆண்டு 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் என்ன சொல்கின்றது? மணமான பெண் தன் அசையும் பொருளைக் கணவனைக் கேளாமலே கையாளலாம். ஆனால் அசையாச் சொத்தைக் கணவனின் எழுத்து மூலமான ஒப்புதலின்றி விற்கவோ ஈடு வைக்கவோ இயலாது. இறுதி விருப்பாவணம் எழுதுவதற்கு மாத்திரம் அவ்வொப்புதல் வேண்டியதில்லை. அதாவது, இறந்த பின் தன் காணி யாருக்கு என்று அவள் தானே தீர்மானிக்கலாம். உயிரோடிருக்கும்போது தீர்மானிக்க முடியாது! இது எந்த ஊர் நியாயம்?

கணவனுக்கு இத்தகைய தடை இல்லை. மணமாகாத பெண்ணுக்கும் இல்லை, கைம்பெண்ணுக்கும் இல்லை. கணவன் உயிரோடிருக்கின்றானா இல்லையா என்றறியாத பெண்ணே இருபுறமும் இல்லாமல் நடுவிலே நிற்கின்றாள்.

சட்டத்திலே ஒரு சாளரம் இருக்கின்றது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். கணவன் கைவிட்டுச் சென்றாலும், அவன் இருக்குமிடம் தெரியாவிட்டாலும், நியாயமின்றி ஒப்புதலை மறுத்தாலும், மாவட்ட நீதிமன்றம் அவனுக்குப் பதிலாக ஒப்புதல் வழங்கலாம் என்று அதே கட்டளைச் சட்டம் ஏற்பாடு செய்திருக்கின்றது. காணாமற் போனோர்க்கு இல்லாமைச் சான்றிதழ் வழங்கவும் 2016ஆம் ஆண்டிலே சட்டம் வந்தது. எங்கள் சகோதரி மன்றுக்குச் சென்றார். ஈற்றிலே ஒப்புதலும் பெற்றார். ஆனால் அதற்குள் இரண்டு விழாப் பருவங்கள் கழிந்தன. நாங்கள் வாங்க எண்ணிய லொறியை வேறொருவர் வாங்கிச் சென்றார். வழக்குச் செலவுக்குப் பட்ட கடனை அடைப்பதற்கு நூறு கதிரைகளை விற்றோம்.

தேசவழமையை அழித்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பெண்ணுக்குச் சொத்தைக் கொடுத்த வழமை, அந்தச் சொத்தின் திறப்பையும் அவளிடமே கொடுக்கட்டும் என்றுதான் கேட்கின்றேன். நம்முடைய சட்டத்தை நாமே திருத்திக்கொள்ளாவிட்டால், நம் உரிமையைப் பிறர் மதிக்கவேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்பது?

நெல்லாகப் போய் அரிசியாகத் திரும்புவது

இனி, விளம்பரத்தைப் பற்றி ஒரு சொல். விளம்பரம் என்றால் பொய் சொல்வது என்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றார்கள். பொருளின் பெயரை வாங்குபவனுக்குத் தெரியப்படுத்துவதே விளம்பரம். முருங்கனிலே விளையும் நெல் இங்கிருந்து மூடையாக வெளியேறுகின்றது. வெளி மாவட்டத்து ஆலையிலே குற்றப்படுகின்றது. பின்னர் வேறொருவர் பெயர் பொறித்த பையிலே, அரிசியாக, நம் கடைகளுக்கே திரும்பி வருகின்றது. உழைப்பு நம்முடையது, பெயர் அவர்களுடையது, ஆதாயம் பெயருக்கே போகின்றது.

ஒரு காலத்திலே இந்த ஊர்க் களிமண்கூட இரயில் ஏறிக் காங்கேசன்துறைக்குச் சென்று சீமெந்தாகியது. சீமெந்துப் பையிலே முருங்கன் என்ற பெயரை எவரேனும் கண்டதுண்டா? 1990ஆம் ஆண்டிலே நின்றுபோன தலைமன்னார் இரயில் 2015ஆம் ஆண்டிலே மீண்டும் வந்தது. இரயில் திரும்பிவிட்டது. அதிலே நம்முடைய பெயரை ஏற்றி அனுப்புவது நம்முடைய வேலை.

பெயரின் பெறுமதியை உலகம் அறியும். இலங்கைக் கறுவாவுக்கு 2022ஆம் ஆண்டிலே ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீட்டை அளித்தது. இன்ன மண்ணிலே விளைந்த பொருளுக்கே இன்ன பெயர் உரியது என்று சட்டம் காவல் நிற்பதே அதன் பொருள். முருங்கன் அரிசி அந்த உயரத்துக்கு நாளைக்கே போய்விடும் என்று நான் சொல்லவில்லை. முதலிலே ஒரு பையிலே ஊர்ப் பெயரை அச்சிடுவோம். மடு மாதா திருவிழாவுக்கு ஆவணியிலே இலட்சக்கணக்கான யாத்திரிகர் வருகின்றார்கள். சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரத்துக்கு வருகின்றார்கள். அவர்கள் வீடு திரும்பும்போது கையிலே ஒரு பை முருங்கன் அரிசி இருக்கக்கூடாதா?

ஏழு பெண்களும் எண்பது ரூபாயும்

"ஐந்து பெண்கள் சேர்ந்து இதையெல்லாம் சாதிப்பதா?" என்று கேட்பீர்கள். 1959ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15ஆம் நாள், பம்பாயிலே ஒரு வீட்டு மொட்டை மாடியிலே ஏழு குஜராத்திப் பெண்கள் எண்பது ரூபாய் கடன் பெற்று அப்பளம் உருட்டத் தொடங்கினார்கள். நன்கொடை வாங்குவதில்லை என்று உறுதி பூண்டார்கள். அப்பளம் உருட்டுகின்றவளே உரிமையாளரும் ஆவாள் என்று விதி செய்தார்கள். அதுவே லிஜ்ஜத் என்ற பெயரோடு பல்லாயிரம் பெண்களின் நிறுவனமாக வளர்ந்தது. அவர்களிடம் இருந்தது பெரிய முதலன்று. ஒழுங்கான கணக்கு, மாறாத தரம், நாள் தவறாத கூலி ஆகிய மூன்றுமே.

அவ்வளவு தூரம் போவானேன்? நம்முடைய வடமாகாணத்திலே, மாகாண விவசாய அமைச்சின் முயற்சியாலே எழுந்த அம்மாச்சி உணவகங்களைப் பாருங்கள். நம் தாய்மார் கண்ணெதிரே சமைத்துக் கொடுக்கின்றார்கள். குரக்கன் பிட்டையும் இலைக்கஞ்சியையும் தேடி மக்கள் வருகின்றார்கள். அம்மாச்சி என்ற ஒரு சொல்லே நூறு விளம்பரங்களுக்கு ஈடாக நிற்கின்றது.

எங்கள் வேண்டுகோள்

வெறுமனே குறை சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. நான்கு வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலாவது, விழா நடத்துவோர்க்கு. கையிலே காசு, வாயிலே தோசை என்பது பழமொழி. எங்களிடம் வேலை கொள்வோர் விழா முடிந்த பின் எங்களை மறந்துவிடுகின்றார்கள். அலுவலகம் ஒன்று எங்கள் பற்றுச்சீட்டை ஏழு மாதம் மேசையிலே வைத்திருந்தது. பந்தல் கட்டிய பெண்ணுக்கு அன்று மாலையே நாங்கள் கூலி கொடுத்தாக வேண்டும். பாதித் தொகையை முற்பணமாகவும், மீதியை ஒரு மாதத்துள்ளும் கொடுங்கள். இதைவிட எந்த மானியமும் எங்களுக்கு வேண்டாம்.

இரண்டாவது, சட்டம் கற்றோர்க்கு. 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலே உள்ள அந்த ஒப்புதல் விதி நீங்குவதற்குக் குரல் கொடுங்கள். நீங்கும்வரை, மாதத்திலே ஒரு நாளாவது இந்த ஊருக்கு வந்து, நீதிமன்ற ஒப்புதலைப் பெறும் வழியைப் பெண்களுக்குக் கட்டணமின்றிக் காட்டுங்கள். அசையும் பொருளை ஈடு வைப்பதற்குக் கணவன் ஒப்புதலைச் சட்டம் கேட்கவில்லை என்பதை வங்கிகளுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது, கமக்காரப் பெருமக்களுக்கு. உங்கள் விளைச்சல் முழுவதையும் எங்களை நம்பி ஒப்படைக்கச் சொல்லமாட்டேன். அது அறியாமை. வரும் போகத்திலே ஆளுக்கு இரண்டு மூடையை மட்டும் ஒதுக்கித் தாருங்கள். இங்கேயே குற்றி, ஊர்ப் பெயரிட்டு, விற்றுத் தருகின்றோம். விற்ற பின்னரே எங்கள் தரகு. கணக்குப் புத்தகம் சனசமூக நிலையத்து மேசையிலே திறந்தபடி இருக்கும். நட்டம் வந்தால் பைக்கும் அச்சுக்கும் போன செலவு எங்களுடையது.

நான்காவது, என்னைப் போன்ற பெண்களுக்கு. தொழிலைப் பிரதேச செயலகத்திலே உங்கள் பெயரிலேயே பதியுங்கள். தமையன் பெயரிலே வேண்டாம். மைத்துனன் பெயரிலே வேண்டாம். வட்டியை ஆண்டுக் கணக்கிலே கேட்டறியாமல் எந்தத் தாளிலும் கையொப்பமிடாதீர்கள். வீட்டுச் செலவையும் தொழிற் செலவையும் ஒரே பெட்டியிலே வையாதீர்கள்.

தலைவர் அவர்களே! எனக்குத் தந்த நேரம் முடிந்துவிட்டது. இக்கூட்டம் கலைந்ததும் நீங்கள் வீடு செல்வீர்கள். நானும் என் தோழியரும் இங்கேயே நின்று கதிரைகளை எண்ணி அடுக்க வேண்டும். அது எங்களுக்கு இழிவன்று, எங்கள் தொழில். அந்தக் கதிரைகளை எண்ணும் கைக்கு, தன் காணி உறுதியிலே தானே கையொப்பமிடும் உரிமையும் வரவேண்டும். அந்நாள் வரும்வரை "ஒன்று, இரண்டு, மூன்று" என்பதோடு இந்த ஒலிபெருக்கியிலே எங்கள் பேச்சு நின்றுவிடாது என்று கூறி அமர்கின்றேன்.